பறக்கும் பந்தும் சூடேறும் பெட்டியும்

ஒசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி வந்துவிடும். அங்கே தமிழ்நாடு முடிந்து கருநாடகம் தொடங்குகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் கேட்கும் ஊர்கள் இவை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பின்னர் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒவ்வொரு தொழிற்சாலையாக வந்து சேர்ந்தது. இன்று கைப்பேசியின் நுண்ணிய பாகங்கள்கூட இங்கே உருவாகின்றன. இந்த ஊரில் கோல்ஃப் பந்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். எனக்கும் அந்த வியப்பு இருந்தது.

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் பணி செய்கிறார். சேமிப்போடு கடனும் சேர்த்து, வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் கோல்ஃப் பயிற்சிக்கூடம் அமைத்தார். அறையின் ஒரு சுவரில் திரை. அதில் புல்வெளியின் படம் விழும். ஆடுபவர் உண்மையான மட்டையால் உண்மையான பந்தைத் திரையை நோக்கி அடிப்பார். பந்தின் வேகத்தையும் திசையையும் சுழற்சியையும் ஒரு கருவி அளந்து கணிப்பொறிக்குச் சொல்லும். திரைக்கு அப்பால் பந்து எப்படிப் பறந்திருக்கும், எங்கே விழுந்திருக்கும் என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டுப் படமாகக் காட்டும். விடுமுறை நாளில் பெங்களூருவிலிருந்தும் ஆட வருவார்கள் என்பது அவருடைய கணக்கு.

திறந்து இரண்டே வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார். "சார், முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் படம் விட்டு விட்டு வருகிறது. மடிக்கணினி வாங்கியதே தப்பு, மேசைக்கணினி வாங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். பந்தின் கணக்கு அவ்வளவு பெரிய கணக்கா சார்? இன்னொரு கடன் வாங்க எனக்குத் தெம்பு இல்லை."

மடிக்கணினியா, மேசைக்கணினியா என்ற அவருடைய கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் மண்ணிலேயே நடந்தது. அதை முதலில் காண்போம்.

கடலூரில் மறைந்த கணித அறிஞர்

எறிந்த பொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்று கலிலியோ காட்டியதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். காற்றே இல்லாவிட்டால் அது முற்றிலும் உண்மை. காற்று இருக்கும் உலகில் அது எவ்வளவு தவறாகிவிடுகிறது என்பதைச் சோதனையால் நிறுவியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1707இல் பாத் நகரில் பிறந்த இவர், 1742இல் பீரங்கியியல் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மரப்பாளம் ஒன்றை ஊசல்போல் தொங்கவிட்டு அதன்மேல் துப்பாக்கிக் குண்டைச் செலுத்தி, ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டறிந்தார். வேகமாகச் செல்லும் குண்டின்மேல் காற்று செலுத்தும் தடை, அதன் எடையைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது என்று கண்டார்.

அவர் செய்த இன்னொரு சோதனை நமக்கு மிகவும் வேண்டியது. துப்பாக்கிக் குழலின் முனையைச் சிறிதளவு இடப்பக்கம் வளைத்து, எதிரே மெல்லிய தாள் திரைகளை வரிசையாக வைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கமாகத்தான் சென்றது. ஆனால் போகப்போக வலப்பக்கம் திரும்பியது. காரணம் என்ன? வளைந்த குழலின் வலப்பக்கச் சுவரோடு உராய்ந்ததால் குண்டு சுழலத் தொடங்கியது. சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. கணித மேதை ஆய்லர் இந்நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து நீண்ட விளக்கங்கள் எழுதினார். ஆனால் இந்தச் சுழற்சி விளைவை மட்டும் அவர் ஏற்கவில்லை. குண்டின் வடிவத்தில் உள்ள குறையே காரணம் என்று கருதினார். 1850களில் பெர்லினில் மாக்னஸ் என்பவர் மீண்டும் ஆராய்ந்த பிறகு இவ்விளைவு அவர் பெயராலேயே வழங்கத் தொடங்கிவிட்டது.

ராபின்ஸ் என்ன ஆனார்? கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750இல் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். ஓராண்டுதான் கடந்தது. காய்ச்சலால் உடல் நலிந்து, 1751 ஜூலையில் கடலூர் அருகே கெடிலக் கரையிலுள்ள புனித டேவிட் கோட்டையில் உயிர் நீத்தார். சுழலும் பந்தின் இரகசியத்தை முதலில் அளந்து காட்டியவர் நம் மண்ணில்தான் கண்மூடினார்.

ஏவுபொருளின் இயல் இப்பகுதிக்குப் புதியதும் அன்று. ஒசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய இந்த நிலம் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. அவர்களுடைய படையினர் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டுகளைப் பயன்படுத்தினர். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை தோற்ற போரிலும் இவை பங்கு பெற்றன. 1791இல் கம்பெனிப் படை ஒசூரைப் பிடித்தது. 1792 உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் அவர்கள் கைக்குப் போனது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கிருந்து கொண்டுபோன ராக்கெட்டுகளே இங்கிலாந்தில் காங்கிரீவின் ராக்கெட்டுகளுக்குத் தூண்டுகோல் ஆயின. பறக்கும் பொருள் எங்கே விழும் என்ற கேள்வி முதலில் போர்க்களத்தின் கேள்வியாகவே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தையின் கணக்கும் மகனின் பந்தும்

அக்கேள்வியைப் போர்க்களத்திலிருந்து புல்வெளிக்குக் கொண்டுவந்தவர் பீட்டர் கத்ரி டெயிட். எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். கெல்வினோடு சேர்ந்து இயக்கவியலில் பெரும் நூல் எழுதியவர். அவருடைய மகன் ஃபிரெடி டெயிட் தலைசிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர். 1896இலும் 1898இலும் பிரிட்டனின் அமெச்சூர் பட்டத்தை வென்றவர். மகன் அடிக்கும் பந்து அத்தனை நேரம் காற்றில் நிற்பது எப்படி என்று தந்தை கணக்குப் போட்டார். சுழலாத பந்தாக இருந்தால் அது அவ்வளவு நேரம் நிற்க வழியே இல்லை. எனவே பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. அச்சுழற்சி பந்தை மேலே தாங்குகிறது என்று 1890களில் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார்.

இதை நீங்களே எண்களால் சரிபார்க்கலாம். கோல்ஃப் பந்தின் நிறை 46 கிராமுக்கு மிகாது. குறுக்களவு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். அதன் எடை 0.45 நியூட்டன். வல்லவர் ஒருவர் அடித்தால் பந்து வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அந்த வேகத்தில் அதை எதிர்க்கும் காற்றுத்தடை ஏறத்தாழ 1 நியூட்டன். அதாவது பந்தின் எடையைப் போல் இரு மடங்கு! பின்சுழற்சி தரும் ஏற்றுவிசையும் தொடக்கத்தில் எடையை விஞ்சிவிடும். அதனால்தான் நன்கு அடிக்கப்பட்ட பந்து முதலில் மேல்நோக்கி வளைவதுபோல் தோன்றுகிறது. பந்தின் மேலுள்ள சிறு குழிகளும் அழகுக்காக அல்ல. அவை பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கிவிட்டு, பின்னால் இழுக்கும் தடையைப் பெரிதும் குறைக்கின்றன. இக்குழிகளுக்கு 1905இல் உரிமம் பெற்ற வில்லியம் டெய்லர் கண்ணாடி வில்லைகள் செய்யும் தொழிலைச் சேர்ந்தவர். எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சனும் 1910இல் கோல்ஃப் பந்தின் இயக்கம் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

ஆக, பந்தின் இயற்பியல் நூறாண்டுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. இடரெல்லாம் கணக்குப் போடுவதில்தான் இருந்தது. காற்றுத்தடை வேகத்தைப் பொறுத்தது. வேகமோ காற்றுத்தடையால் கணத்துக்குக் கணம் மாறுகிறது. ஒரே சூத்திரத்தில் விடை வராது. பாதையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

கணக்குக்காகப் பிறந்த பொறி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்குப் பீரங்கி அட்டவணைகள் தேவைப்பட்டன. மேசைக் கணக்குப் பொறியோடு அமர்ந்து பலர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இரவும் பகலும் கணக்கிட்டனர். அவர்களுடைய பதவிப் பெயரே 'கம்ப்யூட்டர்' என்பதுதான்! ஒரு குண்டு 60 வினாடி பறக்கும் பாதையைக் கணக்கிட ஒருவருக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் பிடித்தது. இந்தச் சுமையைக் குறைக்கவே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறியைக் கட்டினார்கள். 1946 பிப்ரவரியில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள். 30 டன் எடை. 150 கிலோவாட் மின்சாரம். அது வினாடிக்கு 5,000 கூட்டல்கள் செய்தது. 60 வினாடிப் பாதையை 30 வினாடியில் கணக்கிட்டு முடித்தது. குண்டு தரையைத் தொடுமுன் விடை வந்துவிடும்!

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருவோம். பந்தின் கணக்கு அவ்வளவு பெரிய கணக்கா? பந்து 6 வினாடி பறக்கிறது என்று கொள்ளுங்கள். அதை ஆயிரத்தில் ஒரு வினாடித் துண்டுகளாக வெட்டினால் 6,000 துண்டுகள். ஒரு துண்டுக்கு 50 கூட்டல், பெருக்கல் என்று வைத்தாலும் மொத்தம் 3 லட்சம். இன்றைய கணிப்பொறியின் ஒரே ஒரு கணிப்பகம் வினாடிக்கு 100 கோடிக்கு மேல் கணக்குகள் செய்யவல்லது. எனவே இந்த 3 லட்சமும் கண்ணிமைப்பதற்குள், ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில், முடிந்துவிடும். அரசு 2011 முதல் மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டில் இருந்தால், அதுவே இக்கணக்கைச் சிரமமின்றிச் செய்யும்.

அப்படியானால் அவருடைய பொறியைத் திணற வைத்தது எது? புல்வெளியின் படம்தான்! உயர்தரப் படம் ஒன்றில் அகலவாட்டில் 3,840, உயரவாட்டில் 2,160 என்று மொத்தம் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 படப்புள்ளிகள் உள்ளன. அசைவு இயல்பாகத் தெரிய வினாடிக்கு 60 படங்கள் வரைய வேண்டும். அதாவது ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 49 கோடியே 76 லட்சம் புள்ளிகளின் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் புல், நிழல், வெயில், மரக்கிளை என்று பற்பல கணக்குகள் உண்டு. ராபின்சும் டெயிட்டும் கவலைப்பட்ட பந்து, இந்தச் சுமையில் கடுகளவு. இந்த வேலைக்கென்றே கிராஃபிக்ஸ் சில்லு என்ற தனிச் சில்லு இருக்கிறது. இதைப் படச்சில்லு என்று அழைப்போம்.

பெட்டி சிறுத்தது, வேகம் குறையவில்லை

மடிக்கணினி எப்போதுமே மேசைக்கணினிக்குப் பின்தங்கியதுதானா? இல்லை. 1981இல் ஆஸ்போர்ன் 1 என்ற கையில் தூக்கிச் செல்லும் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. தையல் இயந்திரப் பெட்டியைப் போன்ற உருவம், ஏறத்தாழ 11 கிலோ எடை, 5 அங்குலத் திரை, மின்கலம் கிடையாது. ஆயினும் அதில் இருந்த இசட்80 சில்லு, அக்கால மேசைக்கணினிகள் பலவற்றில் இருந்த அதே சில்லுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐபிஎம் தன் மேசைக்கணினியை வெளியிட்டது. அதன் சில்லு 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. இந்தச் சில்லுகள் எல்லாம் ஒன்றிரண்டு வாட் மின்சாரமே உண்டன. தலையில் விசிறி வைக்கத் தேவையில்லை. சூடு இல்லாதபோது பெட்டி பெரியதா சிறியதா என்பது வேகத்தைப் பாதிக்கவில்லை.

பிளவு பிறகுதான் வந்தது. அதற்கு ஒரு சிறு சூத்திரம் காரணம். ஒரு சில்லு செலவிடும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய தொகைக்கு ஏற்ப அமையும். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் மாறாமல் இருக்கும் என்று 1974இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டெனார்டும் அவர் குழுவினரும் காட்டினர். முப்பது ஆண்டுகள் சில்லுத் தொழில் இவ்விதியின் நிழலில் வளர்ந்தது. பின்னர் டிரான்சிஸ்டர்கள் மிகமிகச் சிறிதானபோது, அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியவில்லை. 2004 நவம்பரில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 சில்லு 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியபோது, அது 115 வாட் வெப்பத்தை வெளியிடும் அடுப்பாகிவிட்டது. அதற்கு அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த சில்லை அதே ஆண்டு மே மாதத்திலேயே அந்நிறுவனம் கைவிட்டிருந்தது.

இங்கேதான் வரலாறு ஒரு சுவையான திருப்பம் எடுக்கிறது. 2003 மார்ச்சில் அதே நிறுவனம் மடிக்கணினிக்கென்று பென்டியம் எம் என்ற சில்லை வெளியிட்டது. இஸ்ரேலில் உருவான இதற்கு ஏறத்தாழ 25 வாட் போதும். 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடியும், அதைவிட வெகு அதிக அதிர்வெண்ணில் ஓடிய பென்டியம் 4க்கு அது ஈடுகொடுத்தது. ஓட்டத்தை விரைவாக்காமல் ஒவ்வொரு அடியிலும் அதிக வேலை செய்ததே அதன் வெற்றி. 2006இல் மேசைக்கணினிக்கு வந்த கோர் 2 சில்லு இந்த வழித்தோன்றலே. சிக்கனமாக வாழக் கற்ற தம்பியிடம் அண்ணன் பாடம் கேட்ட கதை இது.

ஒரே பெயர், வேறு வேறு வலிமை

ஆனால் படச்சில்லு விஷயத்தில் மேசைப் பெட்டிக்கே இன்றும் மேலிடம். பலருக்கும் தெரியாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். என்விடியா நிறுவனம் 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயரில் மேசைக்கணினிக்கான படச்சில்லுப் பலகையை வெளியிட்டது. அதில் 16,384 கணிப்பகங்கள். 24 கிகாபைட் நினைவகம். 450 வாட் திறன். 2023இல் மடிக்கணினிக்கும் அதே எண்ணோடு ஒரு சில்லு வந்தது. அதில் இருப்பவை 9,728 கணிப்பகங்கள். 16 கிகாபைட் நினைவகம். உச்சத் திறன் ஏறத்தாழ 175 வாட். எண் ஒன்று, பொருள் இரண்டு.

இன்னும் மலிவான 4060 என்ற சில்லில் கணிப்பகங்கள் இரண்டு வகையிலும் 3,072 என்று ஒன்றாகவே இருக்கின்றன. அங்கே வேறுபாடு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. மேசைப் பலகைக்கு 115 வாட்; மடிக்கணினியில் 35 வாட் முதல் 115 வாட் வரை, அந்தக் கணினியைச் செய்பவர் எவ்வளவு அனுமதிக்கிறாரோ அவ்வளவு. மெல்லிய உடலில் 35 வாட்டுக்கு அடக்கப்பட்டதும், தடித்த உடலில் 115 வாட் பெறுவதும் ஒரே பெயரில் கடையில் அருகருகே இருக்கும். எனவே வாங்குமுன் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், 'இதற்கு எத்தனை வாட்?' என்றும் கேளுங்கள்.

வாட் குறைந்தால் வேகமும் அதே அளவு குறையுமா? இல்லை. மேலே சொன்ன சூத்திரத்தையே பாருங்கள். மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. வேகம் 80 விழுக்காடு இருக்கும், வெப்பமோ பாதியாகிவிடும். மடிக்கணினி என்ற பொருள் வாழ்வதே இந்தப் பேரத்தில்தான். கடைசி ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்கு மேசைக்கணினி இரு மடங்கு வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறது. அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொட்டப் பெரிய பெட்டியும் பெரிய விசிறியும் அதற்கு உண்டு. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள மடிக்கணினிக்கு இல்லை. எனவே முதல் சில நிமிடம் பாய்ந்து ஓடி, உலோகத்தகடுகள் சூடேறியபின் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இது பழுது அன்று, தற்காப்பு.

ஊரின் காற்றும் இதில் பங்கு கொள்கிறது. ஒசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. பந்துக்கு இது நன்மை. தடை குறைந்து சில மீட்டர் கூடுதலாகப் பறக்கும். பயிற்சி நிரலில் ஊரின் உயரத்தைச் சரியாகக் குறிக்காவிட்டால் விடை பிழையாகும். ஆனால் விசிறிக்கு இது தீமை. அதே அளவு சுற்றினாலும் குறைந்த நிறையுள்ள காற்றையே தள்ளும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம்தான். காற்று சற்று அடர்த்தி, ஆனால் கோடையில் வெயில் கடுமை. சில்லு 100 பாகை வரை தாங்கும் என்றால், 25 பாகை அறையில் வெப்பத்தை வெளியே தள்ளும் வேறுபாடு 75 பாகை. 38 பாகை அறையில் 62 பாகைதான். ஆறில் ஒரு பங்கு குளிர்ச்சி அங்கேயே போய்விட்டது.

அறையில் கண்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி நண்பரிடமிருந்து வெப்பமானியும் வாட்மானியும் இரவல் வாங்கிக்கொண்டு ஒசூர் சென்றேன். மடிக்கணினி ஒரு மெத்தை விரிப்பின்மேல் சுவரை ஒட்டி இருந்தது. அடியில் காற்று புகும் துளைகள் அடைபட்டிருந்தன. தொடக்கத்தில் வினாடிக்கு 60 படங்கள் வந்தன. கால் மணி நேரத்தில் 40க்கும் கீழே இறங்கின. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரமும் அதே வேளையில் இறங்கியது. வெப்பம்தான் காரணம் என்பதில் ஐயம் இல்லை.

"படப்புள்ளி எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"உயர்தரம் சார். 3,840க்கு 2,160. வருகிறவர்கள் காசு கொடுக்கிறார்களே, குறை வைக்கலாமா?"

படம் வீழ்த்தும் கருவியின் பின்புறத்தைப் பார்த்தேன். அது காட்டக்கூடியது 1,920க்கு 1,080 மட்டுமே. அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். சரியாக நான்கில் ஒரு பங்கு! மடிக்கணினி வியர்த்து விறுவிறுத்து வரைந்த நான்கு புள்ளிகளின் இடத்தில் திரை ஒன்றைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. உழைப்பில் முக்கால் பங்கு வீண்.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். மெத்தையை எடுத்துவிட்டு, இரண்டு மரக்கட்டைகளின்மேல் கணினியின் பின்புறத்தைச் சற்றே உயர்த்தி வைத்தோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினோம். பிறகு ஒரு மணி நேரம் மாறிமாறிப் பந்து அடித்தோம். நான் அடித்தவை பெரும்பாலும் மரங்களுக்குள்தான் போயின. படம் 60இலிருந்து இறங்கவில்லை. இரண்டாவது கடன் வேண்டியதில்லை என்று தெரிந்தபோது அவர் பெருமூச்சு விட்டதைக் கேட்டேன்.

அப்படியானால் நீங்கள் எதை வாங்குவது?

உங்கள் பொறி ஒரே அறையில் அசையாமல் இருக்கப்போகிறதா? மேசைக்கணினியே நல்லது. அதே பணத்துக்கு அதிக வேகம், அந்த வேகம் நாள் முழுதும் நீடிக்கும். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஒசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு ஒரு மணி நேரப் பயணம், சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு. மடிக்கணினியிலோ படச்சில்லு பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. ஆனால் மின்தடைக்கு மேசைக்கணினி தாங்காது. தடையில்லா மின்கருவி ஒன்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பொறியை மாலையில் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா? பிள்ளையின் படிப்புக்கும் அதுவே வேண்டுமா? மடிக்கணினி வாங்குங்கள்; தடித்ததாக, வாட் கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். மின்கலத்தை நம்பி ஆட்டம் நடத்த வேண்டாம். விமானத்தில் தடையின்றி எடுத்துச் செல்லும் வரம்பு 100 வாட்-மணி என்பதால் மடிக்கணினிகளின் மின்கலம் அதற்குள்ளேயே இருக்கும். 150 வாட் செலவழித்தால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே பொறி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் முதலில் உங்கள் திரை எத்தனை புள்ளி காட்டும் என்று பாருங்கள். திரைக்கு மேல் வரைவது, கூடைக்கு மேல் பழம் அடுக்குவதற்கு ஒப்பாகும்.

கெடிலக் கரையில் மறைந்த ராபின்சுக்குத் தாள் திரையும் மர ஊசலும் போதுமாயிருந்தன. அவற்றை வைத்தே, எது மெய்யாக நடக்கிறது என்று அவர் அளந்து பார்த்தார். ஆய்லர் போன்ற மேதை ஒப்பாதபோதும் அவருடைய அளவே நின்றது. நாமும் பெரிய பொறி வாங்கக் கடன் தேடுமுன், இருக்கும் பொறி எங்கே திணறுகிறது என்று ஒரு வெப்பமானி வைத்து அளந்து பார்ப்போமே. என் மாணவர் இரண்டாவது அறை ஒன்று திறக்க எண்ணியிருக்கிறார். அதற்கு மேசைக்கணினிதான் வாங்கப்போகிறாராம். இம்முறை பட்டியலை அவரே எழுதி அனுப்பினார். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே விலைக்கு முன்னதாக வாட் குறிக்கப்பட்டிருந்தது.